மைதானமும் சட்டசபையும்

சட்டசபை கூடுங் காலத்தில் நம்மவரில் பெரும்பாலோர் பத்திரிகையில் தேடிப் படிப்பது, யார் யாரை ஏசினார், எக்கட்சியார் வெளிநடப்புச் செய்தார் என்னும் வர்த்தமானங்களையே. அன்று சபையில் வந்த மசோதா யாது, அதன் ஷரத்துக்கள் எவை என்று விசாரிப்போர் மிகச் சிலர். கூச்சல் அன்றோடு மறைந்துவிடும். ஷரத்தோ நாளை நம் வீட்டு வாசலில் வந்து நிற்கும். முன்னோர் வழக்கங்களைக் காக்க வேண்டுமென்னும் கொள்கையுடையோர் இவ்வுண்மையை மற்றவரினும் அதிகமாக உணரக் கடமைப்பட்டவர்கள். 2017-ம் வருஷத்து ஜல்லிக்கட்டுக் கிளர்ச்சி அவர்களுக்கு ஒரு வெற்றியையும் ஒரு பாடத்தையும் அளித்தது. வெற்றியைக் கொண்டாடினோம். பாடத்தைப் படித்தோமா?

கோயமுத்தூருக்குக் கிழக்கே திருச்சி ரஸ்தாவிலுள்ள சிங்காநல்லூரையே எடுத்துக்கொள்வோம். நொய்யல் நீரை நம்பிய குளமும் வயலும் அவ்வூரின் பழைய செல்வம். பின்னர் பஞ்சாலைகள் எழுந்தன. இன்று அது மாநகராட்சியின் ஒரு பகுதி. ஒரு காலத்தில் கொங்குநாட்டு ஊர்களில் ஏர் உழுததும், கவலை இறைத்ததும், பாரவண்டி இழுத்ததும் காங்கயம் காளைகள். மின்சார மோட்டார் வந்தது, கவலை போயிற்று. டிராக்டர் வந்தது, ஏர் போயிற்று. லாரி வந்தது, வண்டி போயிற்று. காளைக்கன்றை விற்காமல் வளர்ப்பதற்குக் குடியானவனுக்கு எஞ்சி நின்ற காரணங்களில் முக்கியமானவை திருவிழாவும் பந்தயமுமே. அவையும் போனால் கன்று அடிமாட்டுச் சந்தைக்குப் போகும், பொலிகாளை அருகும், இனமே தேயும். ஆகவே வழக்கத்தைக் காக்க வேண்டுமென்ற குரல் வெறும் வேடிக்கையின் மீதுள்ள ஆசையன்று.

வழக்கு நடந்த விதத்தைச் சுருக்கமாக நினைவூட்டுவோம். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் பார்லிமெண்டு இயற்றியது. ஜல்லிக்கட்டை ஒழுங்குசெய்ய நமது சட்டசபை 2009-ல் ஒரு சட்டம் செய்தது. 2011-ல் மத்திய சர்க்கார், காட்சிக்குப் பழக்கலாகாத பிராணிகளின் ஜாபிதாவில் காளையையும் சேர்த்தனர். 2014 மே 7-ந் தேதி சுப்ரீம் கோர்ட், 2009-ம் வருஷத்துச் சட்டம் மத்திய சட்டத்துக்கு முரணானது என்று தள்ளிற்று. 2016 ஜனவரியில் மத்திய சர்க்கார் பிறப்பித்த விலக்கும் ஒரு வாரத்துக்குள் கோர்ட்டினால் நிறுத்தப்பட்டது.

அதன்பின் 2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலும் சென்னைக் கடற்கரையிலும் ஜனங்கள் திரண்டனர். கோவையில் வ. உ. சி. மைதானம் நிரம்பிற்று. கோவைச் சிறையில் செக்கிழுத்த பெரியாரின் பெயர் தாங்கிய இடத்தில், எந்தக் கட்சித் தலைவரின் அழைப்புமின்றி, மாணவரும் குடியானவரும் ஆலைத் தொழிலாளரும் ஒன்றாக அமர்ந்தனர். ஜனவரி 21-ல் அவசரச் சட்டம் பிறந்தது. 23-ல் முதல் மந்திரி ஓ. பன்னீர்செல்வம் மசோதாவைக் கொணர்ந்தார். அது அன்றே ஏகமனதாக நிறைவேறிற்று. சிங்காநல்லூர் வாக்காளர் 2016-ல் தேர்ந்தனுப்பிய அங்கத்தினர் எதிர்க்கட்சி வரிசையில் இருந்தவர்; இவ்விஷயத்தில் வரிசை பேதம் இருக்கவில்லை. மத்திய சட்டத்தோடு மோதும் ராஜ்யச் சட்டம் நிலைக்க ஜனாதிபதியின் சம்மதம் வேண்டும். அதுவும் அம்மாத முடிவிற்குள் கிடைத்தது. 2023 மே 18-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகளடங்கிய பெஞ்சு சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இது வெற்றி. இனிப் பாடத்துக்கு வருவோம்.

அச்சட்டம் ஜல்லிக்கட்டு என்ற சொல்லுக்குப் பொருள் கூறுகையில் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா ஆகியவற்றைப் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. கொங்குநாட்டார் பிராணனாகக் கருதும் ரேக்ளாவின் பெயர் அங்கே இல்லை! அதே வருஷத்தில் கர்நாடகமும் மகாராஷ்டிரமும் செய்த சட்டங்களில் மாட்டுவண்டிப் பந்தயம் பெயரோடு இடம் பெற்றிருக்கிறது. நம் சட்டத்தின் பொதுச் சொற்களில் ரேக்ளாவும் அடங்குமென்று வாதிக்கலாம். பந்தயங்கள் அனுமதி பெற்று நடந்தும் வருகின்றன. ஆயினும் சட்டத்தில் பெயர் பெற்ற உரிமை வேறு. பொதுச் சொல்லின் நிழலில் ஒதுங்கி நிற்பது வேறு. வ. உ. சி. மைதானத்தில் இரவு பகலாக அமர்ந்திருந்த ஆயிரக்கணக்கானோரில், மசோதாவின் வாசகத்தை முன்னதாகப் பார்த்து, "இங்கே ஒரு சொல்லைச் சேருங்கள்" என்று கேட்டவர் எத்தனை பேர்? கேட்கத்தான் அவகாசம் ஏது? பிரேரணையும் நிறைவேற்றமும் ஒரே நாளில் முடிந்துவிட்டன.

அவகாசம் எப்போதும் குறைவே. 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளின் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணியாக நீட்ட இடங்கொடுக்கும் மசோதா 12-ந் தேதி வந்து 21-ந் தேதி நிறைவேறிற்று. ஒன்பது நாள்! சிங்காநல்லூர் போன்ற ஆலையூர்களுக்கு உயிர் விஷயம். ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் உறுதியாக நின்றன. மே தினத்தன்று அது வாபஸ் என்று முதல் மந்திரி மு. க. ஸ்டாலின் அறிவிக்க நேர்ந்தது. பழமை காப்போர் தொழிற்சங்கத்தாரோடு எல்லாவற்றிலும் ஒத்துப்போக வேண்டுவதில்லை. அவர்களுடைய விழிப்பைக் கற்றுக்கொள்ளலாம்.

மற்றொன்றும் சொல்லியாக வேண்டும். பழமை என்பது மட்டும் ஒரு நியாயமாகாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபையில் தேவதாசி முறையை எதிர்த்துப் போராடியபோதும் வழக்கத்தின் பெயரால் எதிர்ப்பு எழுந்தது. 1947-ல் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. அதற்காக இன்று வருந்துவோர் எவருமில்லை. ஜல்லிக்கட்டிலும் மனிதர் மாள்வதுண்டு, மாடுகளும் துன்புறுவதுண்டு. அதை மறைத்துப் பேசுவோர் வழக்கத்துக்கே தீங்கு செய்கிறார்கள். புதிய சட்டமும் விதிகளும் பிராணிகளின் துன்பத்தைப் பெரிதும் குறைக்கின்றன என்பதைக் கருதியே 2023-ல் கோர்ட் அதை ஏற்றது. விதிகளை மீறுகிறவன், தீர்ப்பின் அஸ்திவாரத்தையே தோண்டுகிறான்.

ஆகவே ஊர்தோறும் வேண்டுவது யாது? கூட்டத்தொடர் தொடங்கியவுடன், கெஜட்டில் வெளியாகும் மசோதாக்களை வாங்கிப் படிக்க நான்கு பேர், சட்டமறிந்த ஒருவர், தொகுதி அங்கத்தினரை நேரிற் கண்டு, இன்ன ஷரத்தில் இன்ன திருத்தம் வேண்டுமென்று எழுத்தில் கொடுக்கும் துணிவு. சட்டசபையில் மனுக்குழு என்று ஒன்று இருப்பதையும் மறத்தல் கூடாது. மசோதா மிகுந்த ஆராய்ச்சிக்குரியதாயின் தெரிவுக்குழுவுக்கு அனுப்பும்படி கோரலாம். இவை ஆரவாரமற்ற வேலைகள். மாலையும் மேளமும் இவற்றுக்குக் கிடையா.

மைதானத்தில் கூடியவர்கள் சட்டத்தைப் பெற்றுத் தந்தார்கள். அதில் ஒரு சொல் விடுபடாமல் பார்க்கும் வேலை மேஜையருகே அமர்ந்து படிப்பவனுடையது. அடுத்த கூட்டத்தொடரிலேனும் அந்த மேஜையருகே கொங்குநாட்டார் சிலர் அமர்வார்களாக.