வீட்டின் விலையில் பாதையின் விலையும் உண்டு

வீட்டுக் கடன் நாடி வங்கிக்கு வருவோரிடம் நாங்கள் கேட்கும் ஆவணங்கள் பல. சம்பளச் சான்று, வருமான வரி விவரம், தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி வரைபடம் என்று அப்பட்டியல் நீளும். ஆனால், அவ்வீட்டிலிருந்து பணியிடம் சென்று திரும்ப எவ்வளவு நேரமும் பணமும் ஆகும் என்பதை எழுதுவதற்கு விண்ணப்பப் படிவத்தில் இடமில்லை. கடன் தகுதியைக் கணக்கிடும்போது மாத வருமானத்தையும், ஏற்கெனவே செலுத்திவரும் தவணைகளையும் பார்க்கிறோம். பயணச் செலவு குடும்பத்தின் மற்றச் செலவுகளோடு சேர்ந்து மறைந்துவிடுகிறது. எனவே, அந்தக் கணக்கை வீடு வாங்குவோரே போட்டுப் பார்க்க வேண்டும். விரைந்து வளரும் பெருநகரில் அக்கணக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதைப் பெங்களூருவை எடுத்துக்காட்டாகக் கொண்டு காண்போம்.

நெரிசல் வந்த வழி

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 2001-இல் ஏறத்தாழ 57 லட்சமாக இருந்த பெங்களூரு நகரத் திரளின் மக்கள்தொகை, 2011-இல் ஏறத்தாழ 85 லட்சமாயிற்று. பதிவு செய்யப்பட்ட வாகனங்களின் எண்ணிக்கையோ இன்று ஒரு கோடியைக் கடந்து நிற்கிறது.

எண்ணிக்கை மட்டுமே காரணமன்று. வேலைவாய்ப்புகள் அமைந்த இடமும் ஒரு காரணம். தெற்கே எலக்ட்ரானிக் சிட்டி, கிழக்கே வொயிட்ஃபீல்டு, இடையே வெளிவட்டச் சாலை என்று பெரும் அலுவலகங்கள் நகரின் விளிம்பில் எழுந்தன. நகருக்குள் நுழையாமல் வாகனங்கள் சுற்றிச் செல்வதற்கென்றே வெளிவட்டச் சாலை அமைக்கப்பட்டது. பின்னர் அதன் இருபுறமும் தொழில்நுட்பப் பூங்காக்கள் நிறைந்தமையால், கடந்து செல்லும் வழியாக இருந்த சாலையே சென்று சேரும் இடமாக மாறிவிட்டது. எலக்ட்ரானிக் சிட்டிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீள உயர்மட்டச் சாலை 2010-இல் திறக்கப்பட்டது. ஆயினும், அதன் ஒரு முனையாகிய சில்க் போர்டு சந்திப்பு நெரிசலுக்குப் பெயர்பெற்ற இடமாகவே நீடித்தது.

பொதுப் போக்குவரத்து இவ்வளர்ச்சிக்குப் பின்னால் வந்தது. மெட்ரோவின் முதல் பகுதி 2011 அக்டோபரில் தொடங்கியபோது அதன் நீளம் 7 கிலோமீட்டருக்கும் குறைவு. வொயிட்ஃபீல்டை அது எட்டியது 2023-இல்தான். டாம்டாம் நிறுவனம் 2022-ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட உலக நகரங்களின் பட்டியலில், பெங்களூருவின் மையப்பகுதியில் 10 கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ 29 நிமிடங்கள் ஆவதாகக் குறிப்பிடப்பட்டது. அப்பட்டியலில் பெங்களூரு பெற்ற இடம் இரண்டாவது.

இரண்டு வீடுகள், ஒரு கணக்கு

இனி, கணக்குக்கு வருவோம். மெட்ரோ நிலையத்துக்கு அருகில் 72 லட்சம் ரூபாய்க்கு ஒரு வீடும், பணியிடத்திலிருந்து 20 கிலோமீட்டர் தொலைவில், மெட்ரோ இல்லாத பகுதியில் 60 லட்சம் ரூபாய்க்கு அதே அளவுள்ள மற்றொரு வீடும் இருப்பதாகக் கொள்வோம். முதல் பார்வைக்கு இரண்டாவது வீட்டில் 12 லட்சம் மிச்சம்.

இவ்வளவு தொகைக்கான கடனில், ரிசர்வ் வங்கியின் விதிப்படி வீட்டு மதிப்பில் 80 விழுக்காடு வரை கடன் தரலாம். எனவே, அருகிலுள்ள வீட்டுக்குக் கூடுதலாக வேண்டிய கடன் 9.6 லட்சம்; கூடுதல் சொந்தப் பணம் 2.4 லட்சம். ஆண்டு வட்டி 8.5 விழுக்காடு, காலம் 20 ஆண்டுகள் என்றால், கூடுதல் மாதத் தவணை 8,331 ரூபாய். அந்த 2.4 லட்சத்தை 7 விழுக்காட்டு வைப்பில் இட்டிருந்தால் மாதம் 1,400 ரூபாய் வட்டி கிடைத்திருக்கும். ஆக, அருகிலுள்ள வீட்டின் கூடுதல் சுமை மாதம் 9,731 ரூபாய்.

தொலைவிலுள்ள வீட்டிலிருந்து காரில் செல்பவர், நாளொன்றுக்கு 40 கிலோமீட்டராக 24 நாட்களில் 960 கிலோமீட்டர் ஓட்டுவார். நெரிசலில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர், பெட்ரோல் லிட்டர் 103 ரூபாய் என்று கொண்டால் செலவு 8,240 ரூபாய். அருகிலுள்ள வீட்டிலிருந்து மெட்ரோவிலும் இணைப்புப் பேருந்திலும் செல்ல நாளொன்றுக்கு 120 ரூபாய் என்றால் மாதம் 2,880 ரூபாய். பயணத்தில் மிச்சம் 5,360 ரூபாய். அதைக் கழித்தால், அருகிலுள்ள வீட்டின் உண்மையான கூடுதல் சுமை 4,371 ரூபாய்.

நேரத்தையும் சேர்த்துப் பார்ப்போம். ஒரு வழிக்கு 90 நிமிடங்களுக்குப் பதில் 45 நிமிடங்கள் என்றால், மாதத்தில் மீளும் நேரம் 36 மணி. அதாவது, ஒரு மணி நேரத்தைச் சுமார் 121 ரூபாய்க்கு நாம் திரும்ப வாங்குகிறோம். காரின் பராமரிப்பு, நிறுத்துமிடக் கட்டணம் ஆகியவற்றையும் சேர்த்தால் இவ்விலை இன்னும் குறையும்.

அதே பாதையில் இருசக்கர வாகனத்தில் செல்பவருக்கு விடை வேறு. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கிடைக்குமாயின் அவருடைய பெட்ரோல் செலவு ஏறத்தாழ 2,200 ரூபாய்தான். அவருக்கு அருகிலுள்ள வீட்டின் கூடுதல் சுமை 10,400 ரூபாயை எட்டும். ஒரு மணி நேரத்தின் விலை 290 ரூபாயை நெருங்கும். அவர் தொலைவிலுள்ள வீட்டைத் தேர்ந்தால் அதனைத் தவறென்று சொல்வதற்கில்லை. மழையையும் சாலை விபத்து அச்சத்தையும் எடைபோட்டு அவரே முடிவு செய்ய வேண்டும்.

தவணையின் அசல் பகுதி சொத்தாகிறது, பெட்ரோலுக்குக் கொடுத்த பணம் திரும்பாது என்பதும் உண்மையே. ஆனால், மேற்கண்ட 8,331 ரூபாயில் முதல் மாதம் 6,800 ரூபாய் வட்டிக்கும், 1,531 ரூபாய் மட்டுமே அசலுக்கும் போகும் என்பதையும் நினைவில் கொள்க.

வரப்போகும் நிலையத்துக்கு விலை கொடுக்கலாமா?

விளம்பரங்களில் ‘மெட்ரோ வருகிறது’ என்ற சொற்களே வீட்டின் விலையை உயர்த்திவிடுகின்றன. எலக்ட்ரானிக் சிட்டி வழியே பொம்மசந்திரா செல்லும் மஞ்சள் வழித்தடம் அடங்கிய இரண்டாம் கட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது 2014-இல். அவ்வழித்தடம் திறக்கப்பட்டது 2025 ஆகஸ்டில். தொடக்கத்தில் மூன்றே ரயில்கள், 25 நிமிடங்களுக்கு ஒன்று என ஓடின. 2014-இல் அதை நம்பி வீடு வாங்கியவர், 20 ஆண்டுத் தவணையில் பாதிக்கு மேல் ரயிலின்றியே செலுத்தியிருப்பார்.

ஓசூரில் குடியிருந்து மாநில எல்லையைக் கடந்து பணிக்குச் செல்லும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். காரில் செல்வோர் அத்திப்பள்ளிச் சுங்கக் கட்டணத்தையும், உயர்மட்டச் சாலையைப் பயன்படுத்தினால் அதன் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இன்று ஓடும் ரயிலையும் பேருந்தையும் மட்டுமே கணக்கில் கொள்வது பாதுகாப்பானது.

முன்பணம் கொடுக்கும் முன்

ஒரு வேலைநாளில், பணிக்குச் செல்லும் அதே நேரத்தில் அவ்வீட்டிலிருந்து புறப்பட்டு, மாலை நெரிசலிலேயே திரும்பிப் பாருங்கள். ஞாயிறு காலையில் வீடு பார்க்கச் சென்ற நேரம் கணக்காகாது. கணவன், மனைவி இருவரும் பணிபுரிவோராயின் இருவரின் பாதைகளையும், குழந்தைகளின் பள்ளியையும் சேர்த்தே கணக்கிடுங்கள். வேலை மாறலாம், வீடு மாறாது. ஒரே அலுவலகத்துக்கு அருகில் இருப்பதைவிட, பல பணியிடங்களுக்குச் செல்லும் வழித்தடத்துக்கு அருகில் இருப்பது மேல்.

வங்கி தரத் தயாராக உள்ள உச்சத் தொகை, குடும்பம் தாங்கக்கூடிய தொகை ஆகிவிடாது. தவணையையும் பயணச் செலவையும் கூட்டி, அத்தொகை போக மீதமுள்ள வருமானத்தில் குடும்பம் நடக்குமா என்று பாருங்கள். தொலைவிலுள்ள வீட்டையே தேர்ந்தால், மிச்சமாகும் பணத்தின் ஒரு பகுதியை அவ்வப்போது கடனில் கட்டிவாருங்கள். மாறும் வட்டி விகிதத்தில் தனிநபர் பெற்ற வீட்டுக் கடனை முன்கூட்டிச் செலுத்த அபராதக் கட்டணம் இல்லை.

அடுத்த முறை வீட்டுக் கடன் பற்றிப் பேசக் கிளைக்கு வரும்போது, பத்திர நகல்களோடு இந்தப் பயணக் கணக்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். எவ்வளவு கடன் பெறலாம் என்பதோடு, எவ்வளவு பெற்றால் போதும் என்பதையும் சேர்ந்தே கணக்கிடலாம்.