ராமன் கடலைப் பார்த்த வித்தை... உங்கள் கேமராவிலும் செய்யலாம்!

மலையோரம் ஓர் ஓடை. தண்ணீருக்கு அடியில் கூழாங்கற்கள், நடுவே நீந்தும் மீன் குஞ்சுகள் என எல்லாமே கண்ணுக்குத் தெரிகின்றன. ஆசையாகப் படம் எடுத்து, வீட்டுக்கு வந்து பார்த்தால் மீனும் இல்லை, கல்லும் இல்லை. வெள்ளையாக ஒரு பளபளப்பு மட்டும்தான் இருக்கிறது. மேலே வானம் வெளிறிக் கிடக்கிறது. கரையோர இலைகளோ எண்ணெய் தடவியதுபோல மின்னுகின்றன.

இதற்கெல்லாம் காரணம் பிரதிபலிப்பு. தண்ணீரின் மேல்பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம், அடியிலிருந்து வரும் வெளிச்சத்தை அமுக்கிவிடுகிறது. அந்தப் பளபளப்பை மட்டும் பிரித்துத் தடுக்கும் கண்ணாடிதான் போலரைஸிங் ஃபில்டர். கேமரா கடைகளில் 'சி.பி.எல்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

கப்பலில் ஒரு சோதனை

திருச்சியில் பிறந்த சி.வி.ராமன், 1921-ல் ஐரோப்பா சென்றுவிட்டு 'நார்குண்டா' என்ற கப்பலில் இந்தியா திரும்பிக்கொண்டிருந்தார். ஆழ்கடலின் நீலம் என்பது வானத்தின் பிரதிபலிப்புதான் என்று விஞ்ஞானி ராலே சொல்லியிருந்த காலம் அது. ராமன் தன்னிடம் இருந்த நிக்கோல் பட்டகம் என்ற சிறிய படிகக் கருவி வழியே கடலைப் பார்த்தார். சரியான கோணத்தில் அதைத் திருப்பியதும் மேல்பரப்பின் பளபளப்பு மறைந்தது. கடலோ இன்னும் அழகான நீலத்தில் தெரிந்தது.

வானத்தின் பிம்பத்தை நீக்கிய பிறகும் நீலம் இருக்கிறது என்றால், அது தண்ணீருக்குள்ளிருந்துதான் வர வேண்டும். தண்ணீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதைக் காரணமாகச் சொல்லி, 'நேச்சர்' இதழுக்கு எழுதினார் ராமன். தண்ணீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதற்கும் அந்த நீலத்தில் பெரிய பங்கு உண்டு. ஒளிச்சிதறல் பற்றிய அவருடைய தேடல் 1928-ல் ராமன் விளைவையும், 1930-ல் நோபல் பரிசையும் கொண்டுவந்தது.

அன்று படிகம் செய்த வேலையை மெல்லிய தாளுக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் எட்வின் லேண்ட். 1929-ல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். பிற்பாடு 'போலராய்டு' நிறுவனத்தைத் தொடங்கியவரும் இவரே.

ஜன்னல் கம்பி தத்துவம்

பள்ளியில் 'தளவிளைவு' என்று படித்த பாடம்தான் இது. சூரியனிலிருந்து நேராக வரும் ஒளி அலை எல்லாத் திசைகளிலும் அதிரும். தண்ணீர், கண்ணாடி, இலை இவற்றின் மேல் சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளியோ பெரும்பாலும் ஒரே திசையில் அதிரும்.

ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஸ்கேலை நீட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கம்பிக்கு இணையாகப் பிடித்தால் நுழையும். குறுக்கே பிடித்தால் நுழையாது. ஃபில்டரைத் திருப்பும்போது நாம் அந்தக் கம்பிகளின் திசையைத்தான் மாற்றுகிறோம். பளபளப்புக்குக் குறுக்கே கம்பி வந்ததும் அது நின்றுவிடும். பித்தளை, எவர்சில்வர் போன்ற உலோகங்களின் பளபளப்புக்கு மட்டும் இந்த வித்தை பலிக்காது.

எங்கே, எப்படி?

தண்ணீர்: நேர் கீழே குனிந்து எடுத்தால் பலன் இருக்காது. தண்ணீர்ப் பரப்பிலிருந்து சுமார் 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போதுதான் பளபளப்பு முழுமையாக விலகும்.

வானம்: சூரியனுக்குப் பக்கவாட்டில் இருக்கும் வானம்தான் நன்றாக அடர்நீலம் ஆகும். ஆள்காட்டி விரலைச் சூரியன் பக்கம் நீட்டி, கட்டை விரலை செங்குத்தாக விரித்து, அப்படியே மணிக்கட்டைச் சுழற்றுங்கள். கட்டை விரல் காட்டும் இடமெல்லாம் பலன் அதிகம். காலையிலும் மாலையிலும் அது வடக்கு, தெற்கு வானமாக இருக்கும். நீலம் அடர்ந்தாலும் மேகம் வெள்ளையாகவே நிற்பதால், எடுப்பாகத் தெரியும்.

இலை, பாறை: மழை விட்ட பிறகு தேயிலைத் தோட்டத்திலோ, அருவிக்கரையிலோ எடுத்துப் பாருங்கள். ஈர இலையின் மினுமினுப்பு நீங்கி, உள்ளே இருக்கும் பச்சை வெளியே வரும்.

எப்போது வேண்டாம்?

கன்னியாகுமரியில் சூரிய அஸ்தமனத்தை நேர் எதிரே நின்று எடுக்கும்போது இந்த ஃபில்டரால் வானத்தில் பெரிய மாற்றம் வராது. தவிர, இது கேமராவுக்குள் வரும் வெளிச்சத்தைப் பாதியாக, சில சமயம் கால்வாசியாகக் குறைத்துவிடும். எனவே மங்கிய நேரத்தில் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கை அசைந்து படம் கலங்கும்.

வைடு ஆங்கிள் லென்ஸில் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கறுத்து, திட்டுத்திட்டாகத் தெரியலாம். பனோரமாவிலும் இதே சிக்கல்தான். விமான ஜன்னல் வழியே எடுத்தால் வண்ணக் கோடுகள் விழும். வானவில்லை எடுக்கும்போது தவறான பக்கம் திருப்பினால் வானவில்லே காணாமல்போகும்!

தெப்பக்குளத்தில் விழும் கோபுரத்தின் நிழல்தான் படத்துக்கு அழகு என்றால், அதையும் ஃபில்டர் கொண்டுபோய்விடும்.

போனில் முடியுமா?

முடியும். போன் லென்ஸ் மேல் 'கிளிப்' போல மாட்டும் சி.பி.எல் ஃபில்டர்கள் கிடைக்கின்றன. வீட்டில் போலரைஸ்டு கூலிங் கிளாஸ் இருந்தால் செலவே இல்லை. அதன் ஒரு கண்ணாடியை போன் லென்ஸுக்கு முன்னால் ஒட்டிப் பிடித்து, மெல்லத் திருப்பிக்கொண்டே திரையைப் பாருங்கள். பளபளப்பு குறைந்த நொடியில் 'கிளிக்' செய்யுங்கள். நிறம் சற்று மாறினால் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை: கூலிங் கிளாஸோ, ஃபில்டரோ எதன் வழியாகவும் சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. கிரகணத்தன்றும் கூடாது.

வாங்கும்போது...

லென்ஸின் முன்பக்கம் வட்டக்குறியுடன் 58, 67, 77 என்று ஓர் எண் இருக்கும். ஃபில்டரின் அளவும் அதேதான். கேமராவில் மாட்டும் பக்கம் உங்கள் கண்ணை நோக்கி இருக்கும்படி பிடித்து, அதன் வழியே லேப்டாப் திரையைப் பாருங்கள். திருப்பும்போது ஒரு நிலையில் திரை நன்றாகக் கறுக்க வேண்டும். எந்தப் பக்கம் திருப்பினாலும் மாற்றமே இல்லை என்றால் அது வெறும் கறுப்புக் கண்ணாடியாக இருக்கலாம்.

மாட்டிய பிறகு, திருகிய திசையிலேயே வளையத்தைச் சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் மரை கழன்று கீழே விழுந்துவிடும்.

'எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாமே' என்று தோன்றலாம். வானத்தின் நீலத்தை ஆப் கூட்டிவிடும். ஆனால், பளபளப்புக்கு அடியில் மறைந்த கூழாங்கல்லும் மீனும் படத்தில் பதிவாகவே இல்லையே! இன்றைய ஆப்கள் அந்த இடத்தில் வேறு ஒரு கல்லை வரைந்து கொடுக்கலாம். அது நீங்கள் பார்த்த கல் அல்ல. கண்ணால் பார்த்த அதே மீன் படத்திலும் வேண்டும் என்றால், பட்டனை அழுத்துவதற்கு முன்பே வளையத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட வேண்டும்.