தூங்க வைத்துவிட்டு விழித்திருப்பவர்

குறட்டைக்கு வைத்தியம் கேட்டுப் போனால், "ஒரு ராத்திரி இங்கே வந்து தூங்குங்க" என்று டாக்டர் சொல்வதுண்டு. தூங்குபவருக்கு அது ஒரு ராத்திரி. பக்கத்து அறையில் விழித்திருக்கும் டெக்னீஷியனுக்கு அதுதான் வேலையே.

முதலில் தலையை டேப்பால் அளந்து, தோலைத் துடைத்து, பசை வைத்து எலெக்ட்ரோடுகளை ஒட்டுவார். கண்ணோரம், தாடை, கால் என்று ஒயர்கள். நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை. மூக்கடியில் மெல்லிய குழாய். விரலில் ஆக்சிஜன் கிளிப். இத்தனையோடு எப்படித் தூங்குவதா? பெரும்பாலோர் தூங்கிவிடுகிறார்கள்! அதற்குமுன் ஸ்பீக்கரில் குரல் வரும்: "கண்ணை மட்டும் இடது பக்கம் திருப்புங்க... இப்போ குறட்டை விடுற மாதிரி செய்யுங்க." ஒயர்களுக்கான சோதனை அது.

பிறகு விடிய விடியத் திரையில்தான் கண். பதிவை 30 விநாடித் துண்டுகளாகப் படிப்பார்கள்; எட்டு மணி நேரத்துக்கு 960 துண்டுகள். பெரியவர்களுக்கு மூச்சோட்டம் 10 விநாடியாவது நின்றால் கணக்கில் ஏறும். நிற்பதும் குறைவதுமாக மணிக்கு 30 தடவையை எட்டினால், தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் தீவிரம் என்று பொருள். நடுவில் ஒயர் கழன்றால் இருட்டில் ஓசைப்படாமல் போய் மாட்ட வேண்டும்.

பாவம், இவர் தூக்கம் பகலுக்குப் போய்விடுகிறது. இரவுப் பணியைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்திருக்கிறது.

வீட்டில் யாருக்காவது குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறினால் கேலி செய்துவிட்டு விட்டுவிடாதீர்கள்; டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.