‘தள்ளுபடி’ என்ற சொல்லும் காலவரம்பும்

“வழக்குத் தள்ளுபடியாயிற்று” என்ற செய்தியைப் படித்தவுடன், “அப்படியானால் அது பொய் வழக்குத்தான்” என்று முடிவு கட்டிவிடும் பழக்கம் நம்மவரிடையே பரவலாக உண்டு. கடைத்தெருவில் விலைக் குறைப்பைச் சுட்டும் இச்சொல், நீதிமன்றத்தில் வழக்கு ஏற்கப்படாமையைக் குறிக்கின்றது. ஆனால் எதனால் ஏற்கப்படவில்லை என்பதைக் குறிப்பதில்லை. சான்றுகளை ஆராய்ந்து, குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை என்று கண்டும் தள்ளுவர். உரிய காலம் கடந்து வந்ததென்ற காரணத்திற்காகவும் தள்ளுவர். பின்னதில் பெரும்பாலும் உண்மை ஆராயப்படுவதே இல்லை.

கென்யா நாட்டு வழக்குகள் இதனை நன்கு விளக்கும். 1952இல் அங்கே நெருக்கடி நிலை அறிவித்த பிரிட்டிஷ் ஆட்சி, மௌ மௌ கிளர்ச்சியை ஒடுக்க எண்ணற்றோரைத் தடுப்பு முகாம்களில் அடைத்தது. அங்குத் துன்புற்ற முதியவர் சிலர் 2009இல் இலண்டன் உயர்நீதிமன்றம் சென்றனர். உடற்காயத்திற்கு ஈடு கேட்க ஆங்கிலச் சட்டம் தரும் காலம் பொதுவாக மூன்றாண்டே. எனினும், நியாயமெனக் கண்டால் அவ்வரம்பைத் தளர்த்த நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. அவர்கள் சித்திரவதைக்கு ஆளானதை அரசு மறுக்கவில்லை. காலம் கடந்துவிட்டது என்றே வாதிட்டது! 2012 அக்டோபர் 5இல் நீதிபதி மெக்கோம்ப் அவ்வாதத்தை ஏற்க மறுத்தார். ஆவணங்கள் மிகுதியாக இருப்பதால் நேர்மையான விசாரணை இன்னும் இயலும் என்றார். ஹான்ஸ்லோப் பார்க் என்னுமிடத்தில் நெடுங்காலம் மறைவாயிருந்த குடியேற்ற நாட்டுக் கோப்புகள் 2011இல் வெளிப்பட்டமை இதற்குப் பேருதவியாயிற்று. (மலாயாவைப் பற்றிய கோப்புகளும் அவற்றுள் இருந்தன.) 2013இல் 5,228 பேருக்காக 1 கோடியே 99 இலட்சம் பவுன் தர அரசு இசைந்தது.

பின்னர் 40,000க்கும் மேற்பட்டோர் தொடுத்த வழக்கோ 2018இல் தள்ளுபடியாயிற்று. சாட்சிகள் மாண்டும் நினைவு மங்கியும் போனமையால் நேர்மையான விசாரணை இனி இயலாதென்பதே முதன்மையான காரணம். காலவரம்பின் நியாயம் எனக்கு விளங்காமலில்லை. இறந்தவன் எழுந்து வந்து மறுமொழி சொல்ல முடியாது. ஆயினும் அம்முதியோரை எண்ணும்போது மனம் ஒப்பவில்லை.

நம் தீபகற்ப மலேசியாவில் 1953ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி, ஒப்பந்த வழக்குக்குப் பொதுவாக 6 ஆண்டு. நில மீட்புக்கு 12 ஆண்டு. எதிர்வழக்காடுவோர் காலவரம்பை எடுத்துக் கூறினாலன்றி நீதிமன்றம் தானாக அதனைப் பயன்படுத்தாது. கடன்பட்டவர் “தருகிறேன், பொறு” என்று வாயால் சொன்னால் காலம் நிற்பதில்லை. எழுதிக் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டாலோ, ஒரு பகுதியைச் செலுத்தினாலோ புதிதாகக் கணக்குத் தொடங்கும்.

வேலை நீக்க முறையீடு நீதிமன்ற வழக்கு அன்று. தொழிலுறவுத் துறையிடம் செய்வது. அதற்கு 60 நாளே. பால்மரம் வெட்டும் ஒருவர், “துரையிடம் பேசி மறுபடி சேர்த்துவிடுகிறேன்” என்ற கிராணியின் சொல்லை நம்பிக் காத்திருந்துவிட்டு, முறையீடு எழுதித் தருமாறு என்னிடம் வந்தார். நீக்கக் கடிதத்தின் தேதியிலிருந்து எண்ணிப் பார்த்தேன். அன்று 73ஆம் நாள்.