வெறும் தண்ணீர் காட்டும் எண்

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தால் வரும் அறிக்கையில் ஆர்செனிக், காரீயம், பூச்சிக்கொல்லி என்று பெயர்கள் வரிசையாக இருக்கும். சில பெயர்களுக்கு எதிரே எண்ணுக்குப் பதிலாக ‘பி.டி.எல்.’ என்று அச்சாகியிருக்கும். கண்டறியும் எல்லைக்குக் கீழே என்று அர்த்தம். பார்த்தவர்கள் ‘அப்பாடா, இல்லை’ என்று தாளை மடித்து வைத்துவிடுவார்கள். ஆனால் இல்லை என்று அந்தத் தாள் எங்குமே சொல்லவில்லை. அந்த ஆய்வகத்தின் கருவிக்கு அன்றைக்கு அது தென்படவில்லை, அவ்வளவுதான்.

தென்பட்டது, தென்படவில்லை என்பதற்கு நடுவில் கோடு போடுவது யார்? அமெரிக்காவில் அந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டுக் கொடுத்தவர்களில் ஒரு தரப்பு, வேதியியலாளர் சங்கம் ஒன்றின் குழு. சம்பளம் கிடையாது. அபராதம் போடும் அதிகாரம் கிடையாது. எந்தத் தொழிற்சாலைக் கதவையும் தட்டி உள்ளே போக முடியாது. ஆனாலும் சுற்றுச்சூழல் பற்றிப் பேசும் பல குழுக்களைவிட இவர்கள் செய்த வேலை ஆழமானது என்று நினைக்கிறேன். அளவுகோல் செய்து கொடுத்தார்கள் என்பதுதான் காரணம்.

அமெரிக்க வேதியியல் சங்கம் 1876இல் நியூயார்க்கில் தொடங்கியது. அதற்குச் சங்கடமான காலம் 1960கள். 1962இல் ரேச்சல் கார்சனின் ‘சைலன்ட் ஸ்பிரிங்’ வந்து, பூச்சிமருந்துகள் பறவைகளையும் மீன்களையும் என்ன செய்கின்றன என்று ஊருக்கே சொல்லிவிட்டது. ரசாயனம் என்றாலே ஜனங்கள் முகம் சுளிக்கத் தொடங்கினார்கள். சங்கத்தின் உறுப்பினர்களில் கணிசமானோர் அதே ரசாயனக் கம்பெனிகளில் சம்பளம் வாங்கியவர்கள். இந்த நிலையில் சங்கத்தின் சுற்றுச்சூழல் மேம்பாட்டுத் துணைக்குழு 1969இல் ஓர் அறிக்கை வெளியிட்டது: காற்று, நீர், திடக்கழிவு, பூச்சிக்கொல்லி என்று நான்கு பகுதிகள். எது உறுதியாகத் தெரியும், எது இன்னும் தெரியாது, கையில் இருக்கும் அறிவை வைத்து இப்போதே என்ன செய்யலாம் என்ற தொனி. ஓஹையோ மாகாணத்தின் குயஹோகா ஆற்றில் எண்ணெய்ப் படலம் தீப்பிடித்து எரிந்ததும் அதே ஆண்டு ஜூனில்தான். அடுத்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பிறந்தது.

முகமை வந்தது, சட்டங்கள் வந்தன, வழக்குகளும் வந்தன. அப்போதுதான் அடிப்படைச் சிக்கல் ஒன்று மேலே வந்தது. பூஜ்யம் என்றால் என்ன?

1958இல் அமெரிக்க உணவுச் சட்டத்தில் சேர்ந்த டெலானி பிரிவு, மனிதருக்கோ விலங்குக்கோ புற்றுநோய் உண்டாக்கும் எந்தப் பொருளையும் உணவில் சேர்க்க அனுமதிக்கக் கூடாது என்றது. எவ்வளவு வரை சேர்க்கலாம் என்ற பேச்சே கிடையாது. எழுதிய காலத்தில் அது நடைமுறைக்கு ஒத்துவந்தது, ஏனென்றால் மிக நுண்ணிய அளவுகள் அன்றைய கருவிகளின் கண்ணுக்கே படாது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே ஜேம்ஸ் லவ்லாக் என்ற ஆங்கிலேயர் எலெக்ட்ரான் பிடிக்கும் உணர்கருவியைச் செய்துவிட்டிருந்தார். கைக்குள் அடங்கும் சிறு கலம். குளோரின் உள்ள மூலக்கூறுகள் அதற்குள் போனால் எலெக்ட்ரான்களைக் கவ்விக்கொள்ளும், மின்னோட்டம் குறையும், குறைந்த அளவைப் பார்த்து மூலக்கூறு இருப்பதைச் சொல்லிவிடலாம். டி.டி.டி. போன்ற பூச்சிக்கொல்லிகளின் மிச்சம் மீதி எல்லாம் இதில் மாட்டின. 1970களின் தொடக்கத்தில் லவ்லாக் இதைக் கப்பலில் ஏற்றி அட்லாண்டிக் கடலுக்குக் கொண்டுபோய், நடுக்கடல் காற்றில்கூட குளோரோஃபுளோரோகார்பன் வாயு இருப்பதைக் காட்டினார். லட்சம் கோடியில் சில பத்துப் பங்கு அளவில்! லட்சம் கோடியில் ஒரு பங்கு என்றால், பத்து லட்சம் டன் தண்ணீரில் ஒரு கிராம்.

கருவி கூர்மையாகக் கூர்மையாக, நேற்று ‘இல்லை’ என்றிருந்த தண்ணீர் இன்று ‘இருக்கிறது’ என்றானது. தண்ணீர் மாறவே இல்லை. இரண்டு ஆய்வகங்கள் ஒரே மாதிரியைச் சோதித்து, ஒன்று உண்டு என்றும் மற்றது இல்லை என்றும் நீதிமன்றத்தில் சொன்னால் நீதிபதி யாரை நம்புவார்?

சங்கத்தின் சுற்றுச்சூழல் மேம்பாட்டுக் குழு 1980இலும் 1983இலும் ‘அனலிட்டிக்கல் கெமிஸ்ட்ரி’ இதழில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இந்தச் சிக்கலைத்தான் கையில் எடுத்தன. அவற்றின் சாரத்தைப் புரிந்துகொள்ள, ஆய்வக மேசைக்குக் கொஞ்சம் அருகில் போக வேண்டும்.

சோதிக்க வேண்டிய தண்ணீரைத் தொடுமுன், சுத்தமான தண்ணீரை எடுக்கிறார்கள். அதே பாட்டில், அதே ரசாயனங்கள், அதே கைவேலை. தேடும் நஞ்சு மட்டும் அதில் கிடையாது. ஆய்வகத்தில் இதற்கு பிளாங்க் என்று பெயர். கருவியில் போட்டால் பூஜ்யம் வர வேண்டும் இல்லையா? வராது. 2 காட்டும், அடுத்த முறை 5, அப்புறம் 3. மின்சுற்றின் இரைச்சல், கண்ணாடியில் ஒட்டிய மிச்சம், ரசாயனத்திலேயே இருக்கும் கலப்பு என்று காரணங்கள் பல. ஆக, ஒன்றுமே இல்லாத தண்ணீருக்கும் ஓர் எண் உண்டு, அந்த எண்ணுக்கு ஒரு தடுமாற்றமும் உண்டு. பலமுறை அளந்து இரண்டையும் முதலில் கணக்கிட்டுவிட வேண்டும். வெறும் தண்ணீரின் சராசரி 4, தடுமாற்றத்தின் அளவான திட்டவிலக்கம் 2 என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது நம் கிணற்றுத் தண்ணீர் 9 காட்டுகிறது. 4ஐவிட அதிகம்தான். ஆனால் வெறும் தண்ணீரே ஒரு கெட்ட நாளில் 9 காட்டக்கூடும். குழு சொன்ன விதி: வெறும் தண்ணீரின் சராசரியைவிட மூன்று திட்டவிலக்கம் மேலே, அதாவது 10க்கு மேல் போனால்தான் ‘இருக்கிறது’ என்று சொல்லலாம். அதற்குக் கீழே என்றால் ‘கண்டறியப்படவில்லை’ என்று எழுதி, உன் கருவியின் எல்லை எவ்வளவு என்பதையும் பக்கத்திலேயே எழுது. பத்து திட்டவிலக்கம் மேலே, அதாவது 24ஐத் தொட்ட பிறகுதான் ‘இவ்வளவு இருக்கிறது’ என்று எண்ணை நம்பிக்கையோடு சொல்லலாம். நடுவில் 15 வந்தால்? இருப்பது நிச்சயம், எவ்வளவு என்பது நிச்சயமில்லை. தண்டிப்பதோ தடை விதிப்பதோ அந்த நடுப்பகுதி எண்களை வைத்து நடக்கக் கூடாது என்றும் குழு சொன்னது.

மூன்று என்ற எண் இவர்களது கண்டுபிடிப்பு அல்ல. சர்வதேச வேதியியல் ஒன்றியம் 1970களிலேயே அதைப் பரிந்துரைத்திருந்தது. அரசு முகமைகள் தங்களுக்கென்று வேறு கணக்கு முறைகளையும் வைத்துக்கொண்டன. ஆனால் ‘தெரிகிறது’ என்பது ஒரு படி, ‘அளக்க முடிகிறது’ என்பது அதற்கு மேல் இன்னொரு படி என்ற ஏணியைச் சுற்றுச்சூழல் அளவீட்டுக்குள் ஊன்றி வைத்ததில் குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு. 2024 ஏப்ரலில் அமெரிக்க முகமை, நான்ஸ்டிக் பூச்சு, தீயணைப்பு நுரை போன்றவற்றோடு தொடர்புடைய ‘என்றும் அழியா ரசாயனங்கள்’ இரண்டுக்குக் குடிநீரில் எல்லை விதித்தது. பி.எஃப்.ஓ.ஏ., பி.எஃப்.ஓ.எஸ். என்ற அந்த இரண்டுக்கும் ஆரோக்கியக் கணக்கில் இலக்கு பூஜ்யம். சட்டத்தில் போட்ட எல்லையோ லிட்டருக்கு 4 நானோகிராம். நாடு முழுக்க ஆய்வகங்கள் நம்பகமாக அளக்கக்கூடிய மிகக் குறைந்த அளவு அதுதான் என்று காரணம் சொன்னார்கள். உடல்நலத்தைவிட ஏணியின் இரண்டாம் படிதான் அந்த எண்ணை முடிவு செய்தது.

இதில் ஒரு கசப்பும் இருக்கிறது. கம்பெனிகளுக்கு ‘எல்லைக்குக் கீழே’ என்பது வசதியான கேடயம். பழைய கருவியை வைத்துச் சோதித்தால் எல்லை உயரும், அதற்குக் கீழே எதையும் மறைக்கலாம். எல்லை எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னது இந்தத் தந்திரத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும். நம் ஊர் அறிக்கைகளில் எல்லையை எழுதாமல் ‘பி.டி.எல்.’ என்று மட்டும் போட்டிருந்தால், திருப்பிக் கொடுத்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

இதுவரை பார்த்தது ஆற்றில் கலந்த பிறகு அளப்பது. கலக்கும் முன்பே அளக்க முடியாதா என்ற கேள்வி 1990களில் வலுத்தது. பசுமை வேதியியல் என்ற பெயர் பரவியது அப்போதுதான். 1997இல் தனி அமைப்பாகத் தொடங்கிய பசுமை வேதியியல் நிறுவனம் 2001இல் அமெரிக்க வேதியியல் சங்கத்தோடு இணைந்தது. இங்கேயும் வேலையைத் தொடங்கிவைத்தது ஓர் அளவுகோல்தான். ராஜர் ஷெல்டன் 1992இல் முன்வைத்த ‘இ’ காரணி: ஒரு கிலோ பொருள் செய்ய எத்தனை கிலோ கழிவு? பெட்ரோல் சுத்திகரிப்பில் நூறு கிராம்கூட வராது. பெருமளவில் தயாரிக்கும் அடிப்படை ரசாயனங்களில் ஒன்றுக்கும் குறைவிலிருந்து ஐந்து கிலோ வரை. மருந்துகளில் 25இலிருந்து 100 கிலோ, அதற்கு மேலும். உயிர்காக்கும் மாத்திரை செய்யும் தொழில், எடைக்கு எடை பார்த்தால் பெட்ரோல் தொழிலைவிட நூறு மடங்குக்கு மேல் குப்பை போடுகிறது என்று அந்த அட்டவணை காட்டியது. (எடை மட்டும் பார்க்கும் கணக்கு இது. ஒரு கிலோ உப்பும் ஒரு கிலோ குரோமியக் கழிவும் இதில் சமம். அந்தக் குறை ஷெல்டனுக்கும் தெரியும்.)

குப்பை எங்கிருந்து வருகிறது என்பதற்கு மனச்சோர்வுக்குக் கொடுக்கும் செர்ட்ராலின் நல்ல உதாரணம். அதன் தயாரிப்பில் ஒரு கீட்டோனும் மெத்திலமைனும் சேர்ந்து இமைன் என்ற பொருளாகும், கூடவே தண்ணீரும் உருவாகும். அந்தத் தண்ணீர் அங்கேயே இருந்தால் இமைனை உடைத்துப் பழைய நிலைக்குத் தள்ளிவிடும். எனவே தண்ணீரை உறிஞ்ச டைட்டானியம் டெட்ராகுளோரைடைக் கொட்டினார்கள். அது தண்ணீரோடு சேர்ந்து டைட்டானியம் டையாக்சைடாக மாறி, ஆண்டுக்கு 440 டன் கழிவில் போய்ச் சேர்ந்தது. ஃபைசர் நிறுவன வேதியியலாளர்கள் கரைப்பானை எத்தனாலுக்கு மாற்றினார்கள். எத்தனாலில் இமைன் சரியாகக் கரையாது. உருவாக உருவாகப் படிகமாக அடியில் இறங்கிவிடும். கரைசலில் இல்லாததைத் தண்ணீர் எப்படித் திருப்பித் தாக்கும்? டைட்டானியமே தேவைப்படவில்லை. மூன்று கட்டங்கள் ஒரே கட்டமாயின, நான்கு கரைப்பான்கள் போய் ஒன்று வந்தது. ஒரு டன் மருந்துக்கு 60,000 கேலனாக இருந்த கரைப்பான் 6,000 கேலனாக இறங்கியது. 2002இல் அமெரிக்க அரசின் பசுமை வேதியியல் விருது இதற்குக் கிடைத்தது.

2005இல் சங்கத்தின் பசுமை வேதியியல் நிறுவனம் போட்டியாளர்களான மருந்துக் கம்பெனிகளை ஒரே மேசையில் உட்கார வைத்தது. மருந்தின் சூத்திரத்தை எவரும் சொல்ல மாட்டார்கள். ஒரு கிலோ மருந்துக்கு மொத்தம் எத்தனை கிலோ பொருள் உள்ளே போகிறது என்ற எண்ணைச் சொல்லலாம் அல்லவா? பெயர்களை மறைத்து எண்களைச் சேர்த்துப் பார்த்தபோது, உள்ளே போனதில் பாதிக்கு மேல் கரைப்பான் என்று தெரிந்தது. வினைக்குரிய மூலப்பொருள்களின் பங்கு சொற்பம். பிறகு கரைப்பான்களுக்குப் பாதுகாப்பு, உடல்நலம், காற்று, நீர், கழிவு என்று தனித்தனியாக மதிப்பெண் போட்டு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டார்கள்.

அப்படிப்பட்ட பட்டியல்களில் ஹெக்சேனும் ஹெப்டேனும் அடுத்தடுத்து நிற்கும். ஒன்றில் ஆறு கார்பன், மற்றதில் ஏழு. கரைக்கும் குணம் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் ஹெக்சேன் உடலுக்குள் போனால் கல்லீரல் அதை 2,5-ஹெக்சேன்டையோன் ஆக்குகிறது. அந்த மூலக்கூறின் இரண்டு கீட்டோன் முனைகளும் நரம்பு இழைப் புரதங்களைப் பிடித்து முடிச்சுப் போடச் சரியான இடைவெளியில் அமைந்திருக்கின்றன. நாள்பட்டால் கைகால் மரத்துப்போகும். ஹெப்டேன் பெரும்பாலும் அந்த வழியில் போவதில்லை. ஒரே ஒரு கார்பன் வித்தியாசம்! தவிடு, பிண்ணாக்கிலிருந்து எண்ணெய் எடுக்கும் நம் ஆலைகளில் இன்றும் ஹெக்சேன்தான் ஓடுகிறது என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

எண்களை வெளியிடத் தொடங்கியதும், எண்களை அழகுபடுத்தும் வழியும் பிறந்தது. மருந்தை அடியிலிருந்து செய்வதற்குப் பதில், முக்கால்வாசி முடிந்த இடைப்பொருளை வெளியே வாங்கிக் கடைசி இரண்டு கட்டங்களை மட்டும் தன் ஆலையில் செய்தால் ‘இ’ காரணி பிரமாதமாகக் குறைந்துவிடும். கழிவு எங்கும் போகவில்லை, விற்றவர் ஊரில் இருக்கிறது. பெரும்பாலும் அந்த ஊர் இந்தியாவிலோ சீனாவிலோ. மொத்த மருந்து ஆலைகள் குவிந்துள்ள பகுதியில் கழிவு எந்த அளவுக்குப் போகும் என்பதை ஹைதராபாத் அருகே பட்டாஞ்செரு காட்டியது. அங்கே பல ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததாக ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2007இல் எழுதினார்கள். ஒரு நாளைக்குச் சுமார் 45 கிலோ. ஸ்வீடன் நாடே ஐந்து நாளில் சாப்பிடும் அளவு. இந்தத் தண்ணீரை அளக்க மூன்று திட்டவிலக்கமெல்லாம் தேவைப்பட்டிருக்காது.

ஆகவே ‘இ’ காரணிக் கணக்கின் தொடக்கக் கோட்டையும் எங்கே போடுவது என்று முடிவு செய்தாக வேண்டியிருந்தது. ஷெல்டனும் மருந்துத் துறை வேதியியலாளர்களும் 2015இல் ஒரு வழி சொன்னார்கள். ரசாயனக் கடையில் மோல் ஒன்றுக்கு நூறு டாலருக்குள் கிடைக்கும் எளிய பொருளிலிருந்துதான் கணக்கு தொடங்க வேண்டும். அதைவிட விலை உயர்ந்த இடைப்பொருளை வாங்கினால், அதைச் செய்தபோது உண்டான கழிவும் வாங்கியவர் கணக்கிலேயே ஏறும்.