பேல் ஏல்: கசப்பு கொதியில், மணம் ஆவியில்

பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் வெள்ளைக்காரப் பட்டாளம் முகாமிட்டிருந்த காலத்தில், லண்டன் ஹாட்ஜ்சன் ஆலையின் பேல் ஏல் என்ற பீர் பீப்பாய்கள் கப்பலேறி இந்தியா வந்தன. அதிகாரிகளுக்குத்தான் அது, சிப்பாய்களுக்குப் பெரும்பாலும் கறுத்த போர்ட்டர் பீர்.

பேல் ஏலுக்குக் கசப்பைத் தருவது ஹாப்ஸ் கொடியின் பெண்பூ. அதை வெறுமனே ஊறவைத்தால் அவ்வளவு கசக்காது. மால்ட் சாற்றில் ஒரு மணி நேரம் போலக் கொதித்தால், அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் உருமாறி, எளிதில் கரையும் ஐசோ-ஆல்ஃபா அமிலங்களாகின்றன. நாக்கைப் பிடிப்பவை இவையே. பாக்டீரியாக்கள் பலவற்றையும் இவை வளரவிடாது. மாதக்கணக்கான கடற்பயணத்துக்கு ஹாப்ஸைத் தாராளமாகப் போட்டது அதனால்தான்.

மணத்தின் கதை நேரெதிர். மிர்சீன், லினலூல் போன்ற எண்ணெய்கள் கொதியில் பறந்துவிடும். ஆகவே அடுப்பை அணைக்கும் தறுவாயிலோ நொதித்த பிறகோ இன்னொரு பிடி ஹாப்ஸ் விழும். தாம்பரம் வெயிலுக்கு இதமாக இருக்கட்டுமென்று ஐஸாய்க் குளிரவைத்தால் அந்த எண்ணெய்கள் குவளையைவிட்டு எழும்பாது. 12 டிகிரி செல்சியஸ் வாக்கில் முகர்ந்தால் ஆரஞ்சுத் தோல், பூ, லேசான மண்வாசம் தெரியும்.

வெளிச்சம் பட்டால் ஐசோ-ஆல்ஃபா அமிலங்கள் சிதைந்து, கந்தகம் கலந்த நாற்றம் பிறக்கும். பழுப்பு பாட்டில் அதைத் தடுக்கத்தான். பச்சை பாட்டில் பார்வைக்கு அழகு, அவ்வளவே.