தண்டால் எடுக்கும் தகப்பன், குந்தி எழும்பும் தாய்

இரும்புக் குண்டோ இயந்திரமோ இல்லாமல், தன் உடலின் எடையையே சுமையாக்கிச் செய்வது உடலெடைப் பயிற்சி. தண்டால், குந்தி எழும்புதல், கம்பியில் தொங்கி எம்புதல், முழங்கையூன்றி உடலை நேராக நிறுத்துதல், மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குதல் ஆகியவை இதன் அடிப்படை அசைவுகள். தமிழருக்கு இவை புதியவையல்ல. சிலம்பம் பழகும் இடங்களில் தண்டாலும், பஸ்கி எனப்படும் குந்தி எழும்புதலும் பழைய பாடங்கள். பிள்ளையார் சந்நிதியில் போடும் தோப்புக்கரணம் காதைப் பிடித்துக்கொண்டு செய்யும் முழுக் குந்துப் பயிற்சிதான்.

இதை விடாமல் செய்கிறவர் நல்ல தாய், நல்ல தகப்பன் ஆகிறார் என்று உடற்பயிற்சி ஆர்வலர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். இதில் உண்மை எவ்வளவு, ஆசை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க மாத்தளை மாவட்டத்துப் பலாபத்வல பொருத்தமான ஊர். மாத்தளை நகருக்கு வடக்கே, தம்புள்ளைக்குப் போகும் ஏ-9 வீதியில், வாசனைத் திரவியத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள சிறு நகரம் அது. அப்படியான ஊர்களில் தாய் தகப்பன் என்பவர் கடைக்காரராகவோ, த்ரீவீல் ஓட்டுநராகவோ, மேசன் வேலைக்குப் போகிறவராகவோ, தோட்டத் தொழிலாளியாகவோ இருப்பார். ஜிம்முக்குக் காசும் நேரமும் ஒதுக்கக்கூடியவர் சிலரே. உடலெடைப் பயிற்சிக்கு ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். லயத்துக் காம்பராவில் அந்த இடமும் இல்லாவிட்டால் இஸ்தோப்பு இருக்கிறது.

முதலில் எழும் கேள்வி நியாயமானது. நாள் முழுக்க மண்வெட்டி பிடிப்பவருக்கும் கொழுந்துக் கூடை சுமப்பவருக்கும் இன்னுமொரு பயிற்சி எதற்கு? வேலையில் உடல் வருந்துவதும் பயிற்சியில் வருந்துவதும் ஒரே பலனைத் தருவதில்லை என்பதே ஆய்வுகள் தரும் பதில். 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 1,93,000க்கும் மேற்பட்டோரின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்தது. கடும் உடலுழைப்பு வேலை செய்யும் ஆண்களுக்கு, குறைந்த உழைப்பு வேலை செய்வோரைவிட முன்கூட்டியே இறக்கும் ஆபத்து 18 சதவீதம் அதிகமாக இருந்தது. பெண்களிடம் அந்தப் போக்குத் தெரியவில்லை. ஓய்வு நேரப் பயிற்சியோ ஆயுளைக் கூட்டுவதாகவே ஆய்வுகள் காட்டிவந்திருக்கின்றன. ஒரே தசைகள், ஒரே கோணத்தில், மணிக்கணக்கில், ஓய்வெடுக்கும் உரிமையில்லாமல் உழைப்பது ஒன்று. சில நிமிடங்கள் உடல் முழுவதையும் இயக்கிவிட்டு நிறுத்திக்கொள்வது வேறு. கூடை சுமந்தவரின் முதுகு களைத்திருக்கும், ஆனால் அவருடைய நெஞ்சும் தோள்முன்புறமும் இடுப்புத் தசையும் அந்த வேலையால் வலுத்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆசனத்திலேயே நாளைக் கழிக்கும் த்ரீவீல் ஓட்டுநரின் நிலை இதற்கு நேரெதிர். அவருக்கு இந்தப் பயிற்சியின் தேவையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிள்ளை வளர்ப்பு சுமை தூக்கும் வேலையும்தான். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி ஒரு வயது ஆண் பிள்ளையின் நடு எடை 9.6 கிலோ, மூன்று வயதில் 14.3, ஐந்து வயதில் 18.3. பெண் பிள்ளைக்குச் சற்றுக் குறைவு. தரையிலிருந்து இடுப்புக்கு, இடுப்பிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து பாய்க்கு என்று இந்த எடை ஒரு நாளில் எத்தனையோ தடவை ஏறி இறங்குகிறது. அது அடம்பிடித்து வளைந்து நெளியும் எடை வேறு. குனிந்து தூக்கினால் பாரம் முதுகில் விழும். குந்தி எழும்பினால் தொடையில் விழும். இந்த வித்தியாசம் தெரியாதவர் இல்லை. ஆனால் தொடை வலுவில்லாதவர் தெரிந்தும் குனிந்தே தூக்குவார். பயிற்சியும் சரியான முறையைக் கற்பித்தலும் சேர்ந்தால் இடுப்புவலி வரும் ஆபத்து ஏறக்குறைய 45 சதவீதம் குறைகிறது என்று 2016ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்று கண்டது. முதுகு நோகும் மனிதர் பிள்ளையைத் தூக்க மறுப்பார், தரையில் அமர்ந்து விளையாட மறுப்பார், அந்தி சாய்ந்ததும் சுருண்டு படுப்பார். அன்பிருந்தும் உடல் இடம் கொடுக்காத நிலை அது.

இலங்கைத் தமிழ்க் குடும்பங்களில் தாய் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய்விட, அம்மம்மாவோ அப்பாச்சியோ பிள்ளை வளர்ப்பது பரவலான நடைமுறை. அவர்களுக்கு இந்த விடயம் இன்னும் முக்கியம். பிரேசில் ஆய்வாளர்கள் 51 முதல் 80 வயது வரையான 2,002 பேரை முடிந்தவரை கை ஊன்றாமல் தரையில் அமர்ந்து எழச் சொல்லி, பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். எழும்பச் சிரமப்பட்டவர்களின் இறப்பு ஆபத்து, எளிதாக எழும்பியவர்களுடையதைவிடப் பல மடங்கு அதிகம். பாயில் அமர்ந்து சாப்பிட்டு, பாயிலேயே படுத்த தலைமுறைக்கு இந்தத் திறன் தானாகவே வாய்த்தது. பிளாஸ்டிக் கதிரை வந்த பிறகு அதைப் பழகித்தான் காக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது கோபம். பயிற்சி செய்யும் பெற்றோர் பிள்ளைகள்மீது எரிந்து விழுவதில்லை என்ற கூற்றை அப்படியே ஏற்க முடியாது. நேரடிச் சான்று மெலிது; மறைமுகச் சான்று வலுவானது. தசை வலுப்படுத்தும் பயிற்சி மனச்சோர்வின் அறிகுறிகளைக் குறைக்கிறதா என்று பார்த்த 33 சோதனைகளை, மொத்தம் 1,877 பேரை, 2018இல் ஒருங்கே தொகுத்தபோது கணிசமான குறைவு தெரிந்தது. தாயின் மனச்சோர்வுக்கும் பிள்ளையிடம் அவர் காட்டும் கடுமைக்கும் தொடர்பு உண்டென்பதை 46 ஆய்வுகளைத் தொகுத்த 2000ஆம் ஆண்டு ஆய்வு ஏற்கெனவே காட்டியிருந்தது. இரண்டையும் இணைத்தால், மனம் இலேசாகும்போது வீட்டில் குரலும் தணியும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. 2006இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு சிறு ஆய்வில், இரண்டு மாதம் பயிற்சி செய்தவர்கள் உணர்ச்சிகளை அடக்குவதிலும் வீட்டு வேலையைத் தள்ளிப்போடாமல் செய்வதிலும் முன்னேறியதாகச் சொன்னார்கள். ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் 24 மாணவர்கள் மட்டுமே. இதை வைத்து மூன்று பிள்ளை பெற்ற தாயின் பொறுமையை அளக்கக் கூடாது.

மிக உறுதியான சான்று முன்மாதிரி பற்றியது. அமெரிக்காவின் பிரேமிங்ஹம் நகரில் நடந்த ஆய்வு, 4 முதல் 7 வயது வரையான 100 பிள்ளைகளின் உடல் அசைவைக் கருவி பொருத்தி அளந்தது. 1991இல் வந்த முடிவின்படி, தாய் சுறுசுறுப்பாக இருந்தால் பிள்ளையும் அப்படி இருக்கும் வாய்ப்பு இரு மடங்கு. தகப்பன் என்றால் மூன்றரை மடங்கு. இருவரும் என்றால் 5.8 மடங்கு. மரபணுவும் சூழலும் பொதுவானவை என்பதால் எல்லாவற்றையும் முன்மாதிரியின் கணக்கில் எழுத முடியாது. என்றாலும் வீட்டில் பார்த்ததைப் பிள்ளை செய்யும் என்ற ஊர் வழக்குக்கு இவ்வளவு தெளிவான எண்கள் கிடைப்பது அரிது.

இந்தியத் துணைக்கண்டத்தில் இதற்குப் பெயர்பெற்ற குடும்பங்கள் உண்டு. இன்றைய மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில் அவுந்த் என்ற சிறு சமஸ்தானத்தை ஆண்ட பவான்ராவ் பந்த் பிரதிநிதி (1868–1951) முதலில் ஜெர்மானியப் பயில்வான் சாண்டோவின் முறையைப் பின்பற்றியவர். பிறகு உபகரணமே வேண்டாத சூரிய நமஸ்காரத்துக்கு மாறினார். தான் செய்தார், மனைவி பிள்ளைகளும் செய்தார்கள், சமஸ்தானத்துப் பாடசாலைகளிலும் அதைப் பாடமாக்கினார். லண்டன் பத்திரிகையாளர் லூயிஸ் மோர்கன் பதிப்பித்து 1938இல் வெளியான நூல் அவருடைய முறையை மேற்குலகுக்குக் கொண்டுபோனது. மகன் அப்பா பந்த் இந்தியத் தூதுவராகப் பல நாடுகளில் பணியாற்றியவர். அவரே 1970இல் சூரிய நமஸ்காரம் பற்றித் தனியாக ஒரு நூல் எழுதினார். தகப்பன் ஆண்ட சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்துவிட்டது. பயிற்சி மகனிடம் நிலைத்தது.

மறுபக்கக் கதையும் கேட்க வேண்டியது. நவீன யோகாவின் பெரிய ஆசான்களில் ஒருவரான கிருஷ்ணமாச்சாரியார், மைசூரில் 1938இல் எடுக்கப்பட்ட ஊமைப்படத்தில் மனைவி பிள்ளைகளோடு ஆசனங்கள் செய்து காட்டுகிறார். அவருடைய மகன் தேசிகாச்சாருக்கோ சிறுவயதில் அதில் நாட்டமில்லை. தகப்பனின் பாடத்துக்குத் தப்பித் தென்னை மரத்தில் ஏறிக்கொண்டதாகச் சொல்வார்கள். படித்துப் பொறியியலாளரானார். 1960களின் தொடக்கத்தில், தூக்கமின்மையிலிருந்து மீண்ட வெளிநாட்டுப் பெண் ஒருவர் தன் தகப்பனை நன்றியோடு கட்டியணைத்ததைக் கண்ட பிறகுதான் தானே கற்கக் கேட்டார். 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் என்ற நிலையத்தை நிறுவியவர் அந்த மகன்தான். திணித்தபோது ஓடிய பிள்ளை, பார்த்தபோது வந்தது.

பிள்ளைகளைக் கூட்டிவைத்து விசில் ஊதப் புறப்படும் தகப்பன்மார் இதைக் கவனிக்க வேண்டும். நம் பாடசாலைகள் தோப்புக்கரணத்துக்குச் செய்த கொடுமை போதாதா? நல்ல பயிற்சி ஒன்றை, வீட்டுப்பாடம் செய்யாதவனுக்கான தண்டனையாக்கி, பல தலைமுறைகளுக்கு அதன்மீது வெறுப்பை ஊட்டினோம். வீட்டிலும் தண்டாலைத் தண்டனையாகக் கொடுத்தால் அதே முடிவுதான். பெரியவர் செய்யட்டும், பிள்ளை முதுகில் ஏறினால் ஏறட்டும், எண்ணிக்கை சொல்ல விரும்பினால் சொல்லட்டும். 5 முதல் 17 வயது வரையானவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாடசாலை விட்டதும் புலமைப்பரிசில் வகுப்பு, அது முடிந்ததும் வீட்டுப்பாடம் என்று இருக்கும் தரம் ஐந்து பிள்ளைக்கு அந்த நேரம் வீட்டு முற்றத்தில் கிடைத்தால்தான் உண்டு.

பழக்கமாவதற்கு எவ்வளவு காலம்? லண்டனில் 96 பேரைப் பின்தொடர்ந்து 2010இல் வெளியான ஆய்வில், ஒரு செயல் தன்னியல்பாக மாற நடுமதிப்பாக 66 நாட்கள் பிடித்தன. சிலருக்கு 18, சிலருக்கு 254. தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சி மெதுவாகப் படிந்தது. ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. பிள்ளைக்குக் காய்ச்சல், விடிய விடியத் தூக்கமில்லை என்ற நாட்கள் பெற்றோருக்கு வரத்தான் செய்யும். அன்று விட்டுவிட்டு மறுநாள் தொடங்கினால் போதும். ஏற்கெனவே நடக்கும் ஒரு வேலையோடு பயிற்சியைக் கட்டிவிடுவது நல்ல உத்தி. காலையில் தேத்தண்ணிக்குக் கேத்தல் கொதிக்கும் நேரம் ஒரு சுற்றுக்குத் தாராளம்.

புதிதாகத் தொடங்குபவர் சுவரில் கையூன்றித் தண்டால் பத்து, கதிரையின் நுனியில் தொட்டு எழும்புதல் பத்து, இடுப்பைத் தூக்குதல் பத்து, முழங்கையூன்றி இருபது விநாடி என்று இரண்டு சுற்றுச் செய்யலாம். எளிதானதும் சுவரிலிருந்து மேசைக்கும், மேசையிலிருந்து படிக்கும், படியிலிருந்து தரைக்கும் இறங்க வேண்டும். இழுக்கும் அசைவுதான் இந்த முறையின் பலவீனம். அதற்குக் கம்பியோ உறுதியான மரக்கிளையோ வேண்டும். முற்றத்துக் கொய்யா மரம் பிள்ளைகளைத் தாங்கும், எல்லாத் தகப்பன்மாரையும் தாங்குமென்று சொல்வதற்கில்லை. வளர்ந்தவர் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கமும், குறைந்தது இரண்டு நாள் தசை வலுப்பயிற்சியும் செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி. தொடர்ந்து பத்து நிமிடம் செய்தால்தான் கணக்கு என்ற பழைய விதியை அது கைவிட்டுவிட்டது. பெற்றோருக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. தகப்பன் இஸ்தோப்பில் ஒரு மணி நேரம் தண்டால் எடுக்க, தாய் குசினியில் சமையலும் இடுப்பில் பிள்ளையுமாக நின்றால், அங்கே மேம்பட்டது ஒருவரின் நெஞ்சுத் தசை மட்டுமே. பயிற்சி நேரம் இருவருக்கும் சமமாகப் பிரிய வேண்டும். ஒருவர் செய்யும்போது மற்றவர் பிள்ளையைப் பார்க்க வேண்டும். பிள்ளை பெற்ற தாய்மார் மெல்லத் தொடங்க வேண்டும். சத்திரசிகிச்சைப் பிரசவமானால் வைத்தியரையோ ஊர்க் குடும்பநல உத்தியோகத்தரையோ கேட்ட பிறகே வயிற்றுப் பயிற்சி. இரத்த அழுத்தம் உள்ளவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யக் கூடாது. சுவரில் முதுகு சாய்த்துக் குந்திய நிலையில் நிற்பது இரத்த அழுத்தத்தைக் குறைப்பதில் சிறந்ததென்று 270 சோதனைகளைத் தொகுத்த 2023ஆம் ஆண்டு ஆய்வு கண்டது. ஆனால் அது மாத்திரைக்கு மாற்று என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இலங்கையில் நிகழும் மரணங்களில் பெரும்பகுதி தொற்றா நோய்களால் வருகிறது. அவற்றை முன்கூட்டியே கண்டறிய 2011 முதல் அரச வைத்தியசாலைகளில் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் இயங்குகின்றன. இரத்த அழுத்தம், சீனி, உடல் எடை எல்லாவற்றையும் அங்கே காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். நாற்பதை நெருங்கும் தாய் தகப்பன்மார், தண்டாலுக்குக் கை ஊன்றுமுன் அங்கே ஒரு தடவை போய் வாருங்கள்.